இறுகிய பிறகே இளகும்

அவனில் வைத்து ஒன்றரை மணி நேரம் ஆனதும் மூடியைத் திறந்து, கறியில் முள்கரண்டியைக் குத்திப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே சிவப்பு இல்லை, வாசனை வீட்டை நிறைத்துவிட்டது, சாறு மெல்லக் கொதிக்கிறது. ஆனால் முள் இறங்க மாட்டேன் என்கிறது. பச்சையாக இருந்தபோது விரல் பட்டாலே குழிந்த கறி இப்போது எதிர்த்து நிற்கிறது. அதிகமாக வெந்துவிட்டது, அதனால்தான் இறுகிப்போனது என்று முடிவுகட்டி அவசரமாக இறக்கிவிடுவார்கள். உண்மையில் அந்தக் கறி இன்னும் வேகவே இல்லை. மூடியைப் போட்டு இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால், கரண்டியின் விளிம்பு பட்டாலே நார் நாராகப் பிரியும்.

பாட் ரோஸ்ட் அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கென்றே இருக்கும் சமையல். ஒன்றரைக் கிலோ மாட்டுத் தோள்கறி, ஒரே துண்டாக. கனமான மூடி போட்ட இரும்புப் பாத்திரம். வெங்காயம், கேரட், செலரி, உருளைக்கிழங்கு. துண்டின் பாதி உயரத்துக்கு எலும்புச் சாறோ சிவப்பு ஒயினோ இரண்டும் கலந்தோ. 150 டிகிரி செல்சியஸ் அவனில் மூன்று அல்லது மூன்றரை மணி நேரம். செய்முறை இவ்வளவுதான். இதைச் செய்ய கைத்திறன் அதிகம் தேவையில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பது நாம் வீட்டில் செய்யும் வேதியியலில் மிகவும் செறிவான ஒன்று. ஒரு பொருள் மென்மையாவதற்கு முன் ஏன் கடினமாக வேண்டும் என்ற கேள்விக்கு விடை அதற்குள் இருக்கிறது.

விடை கறிக்கடையில் தொடங்குகிறது. மாடு நாள் முழுக்க நின்றுகொண்டும் நடந்துகொண்டும் தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டும் இருக்கும் விலங்கு. அந்த வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பவை தோளும் கழுத்தும் நெஞ்சும் முன்னங்கால்களும். முதுகெலும்பின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தசைக்கோ பெரிய வேலை எதுவும் இல்லை. வேலை செய்யும் தசையில் நார்கள் தடிக்கின்றன. அவற்றைக் கட்டி வைக்கும் உறைகளும் வலுக்கின்றன. ஒவ்வொரு தசைநாரையும் சுற்றி மெல்லிய உறை ஒன்று, நார்க்கட்டுகளைச் சுற்றி இன்னொன்று, முழுத் தசையையும் சுற்றித் தடித்த உறை ஒன்று. கறிக்கடைக்காரர் ஜவ்வு என்று சொல்வது இவற்றைத்தான். ஜவ்வு அதிகமுள்ள கறி விலை குறைவு. பாட் ரோஸ்டுக்கு வேண்டியது அதுதான். விலை உயர்ந்த முதுகுக்கறியை வாங்கி இந்தப் பாத்திரத்தில் போடுவது காசையும் கறியையும் சேர்த்து வீணாக்குவது. மூன்று மணி நேரம் கழித்து அது வறண்ட பஞ்சாகத்தான் வெளியே வரும்.

அமெரிக்கக் கடைகளில் இதற்குக் கேட்க வேண்டியது சக் என்ற தோள்துண்டு, அடுத்ததாக நெஞ்சுத்துண்டு. தொடைத்துண்டையும் பாட் ரோஸ்டுக்கென்று விற்பார்கள். கொழுப்பும் ஜவ்வும் குறைவான அது எனக்கு எப்போதுமே இரண்டாம் தேர்வுதான். காரணம் போகப்போகப் புரியும்.

ஜவ்வின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அதுவே. பாலூட்டிகளின் உடலில் வேறெந்தப் புரதமும் இவ்வளவு கிடையாது. கறித்துண்டின் எடையில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆனாலும் கறி மெல்ல முடிவதா முடியாததா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தச் சிறிய பங்குதான்.

இந்தப் புரதத்தின் வடிவம் கண்டுபிடிக்கப்பட்ட இடம் சென்னை. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கும் இந்தக் கண்டுபிடிப்பு இங்கேதான் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். லைனஸ் பாலிங் 1951இல் ஒரு மாதிரியை முன்வைத்திருந்தார், அது சரியாக அமையவில்லை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜன் இழைகளை எக்ஸ் கதிரில் படமெடுத்தார்கள். அந்தப் படங்களில் தெரிந்த புள்ளிகளையும் வளைவுகளையும், கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்ற செய்தியையும் சேர்த்து வைத்து யோசித்தார்கள். 1954இல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பைச் சொன்னது. மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்ற திருத்தம் 1955இல் வந்தது.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூன்று புரிகளை முறுக்கினால் ஒரு கயிறு. கொலாஜன் மூலக்கூறும் அப்படித்தான். ஒவ்வொரு புரியும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மூன்றும் சேர்ந்த கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். மூன்று புரிகளும் நெருங்கும் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே. அதனால்தான் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது. மற்ற இடங்களில் அடிக்கடி வரும் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் வளையாத விறைப்பைத் தருகின்றன.

அதே 1955இல் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் முறுக்கிய மூன்று புரி என்பதை ஏற்றுக்கொண்டு, நுணுக்கங்களில் வேறு கணக்கைச் சொன்னார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது முக்கியமான விமர்சனம். இரண்டு அணுக்கள் எவ்வளவு வரை நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் முறையாகக் கணக்கிட இறங்கியது அதனால்தான். அந்தக் கணக்கு 1963இல், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடமாக முடிந்தது. எந்தப் புரதத்தின் அமைப்பு இன்று தீர்க்கப்பட்டாலும் அது ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு மும்முறுக்குச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கறிப் பாத்திரத்துக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. பதனிடாத தோலின் ஒரு துண்டை நீரில் போட்டு மெல்லச் சூடாக்கினால், 60லிருந்து 65 டிகிரிக்குள் ஓர் இடத்தில் அது திடீரென்று சுருங்கும். மும்முறுக்கு அவிழ்வதன் அடையாளம் அது. நீளமாக விறைத்து நின்ற சங்கிலிகள் பிடி விட்டுத் தாறுமாறாகச் சுருண்டு, இழையை இழுத்துக் குறுக்குகின்றன. தோல் பதனிடுதல் என்ற தொழிலே இந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் முயற்சிதான். ஆவாரம்பட்டையின் டானின் அந்த வெப்பநிலையை மேலே தள்ளுகிறது. குரோமியம் உப்பு புரிகளுக்கிடையே பாலம் போட்டு அதை 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் குரோம் தோல் சரியாகப் பதப்பட்டதா என்று அறிய, சிறு துண்டைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சுருங்கினால் தோல்வி. பாட் ரோஸ்ட் செய்பவருக்குச் சுருங்கி, பிறகு கரைய வேண்டும்.

விலங்குக்கு வயதாகும்போது உடலே மெதுவாக இந்தப் பாலங்களைப் போட்டுக்கொள்கிறது. கன்றின் கொலாஜனில் இணைப்புகள் இளகியவை, வெப்பத்தில் எளிதில் விடும். வயதான மாட்டின் கொலாஜனில் அவை வெப்பம் தாங்கும் உறுதியான இணைப்புகளாக மாறியிருக்கும். கிழட்டு மாட்டுக்கறி ஏன் வேகாது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. குளிர்கடல் மீனின் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் குறைவு, அதனால் அதன் முறுக்கு இன்னும் தாழ்ந்த வெப்பத்திலேயே அவிழ்கிறது. மீன் சில நிமிடங்களில் வெந்து இதழ் இதழாகப் பிரிவதன் காரணம் அது.

இப்போது அவனுக்குத் திரும்பலாம். கறித்துண்டு சூடேறும்போது முதலில் 50 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மயோசின் என்ற தசைப்புரதம் உறைகிறது. கறி சற்றே இறுகுகிறது, ஆனால் சாறு இன்னும் உள்ளே இருக்கிறது. ஸ்டேக் தின்பவர்கள் நிறுத்துவது இந்த இடத்தில்தான். 60ஐத் தாண்டும்போது ஜவ்வு சுருங்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு நார்க்கட்டையும் சுற்றியிருக்கும் உறை ஒரே நேரத்தில் இறுக்கினால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் நீர் பிழியப்படுகிறது. 70க்கு அருகில் ஆக்டின் என்ற மற்றொரு தசைப்புரதமும் உறைய, நார்கள் இன்னும் சுருங்குகின்றன. சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினும் இதற்குள் நிறம் மாறிப் பழுப்பாகிவிடுகிறது. துண்டு குட்டையாகிறது, பாத்திரத்தில் சாறு கூடுகிறது, கறி மிகக் கடினமாக இருப்பதும் இப்போதுதான். முறுக்கு அவிழ்ந்துவிட்டது, ஆனால் புரிகள் இன்னும் கரைந்து வெளியேறவில்லை. முள்கரண்டியோடு பாத்திரத்தைத் திறந்தவர் வந்து நின்றது இந்த இடத்தில்.

அதற்கடுத்து நடப்பதற்கு நேரம் வேண்டும். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் குறுக்கிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, சங்கிலிகள் நீரில் கரைகின்றன. கரைந்த கொலாஜனுக்குப் பெயர் ஜெலட்டின். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்ட பின் உதடுகள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அந்தப் பிசுபிசுப்பு இதுதான். உறைகள் கரைந்துபோனதும் நார்க்கட்டுகளைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லை. முள்கரண்டி நாரை அறுக்க வேண்டியதில்லை. நார்களுக்கிடையே நுழைந்தால் போதும்.

இந்தக் கரைதலின் வேகம் வெப்பத்தைப் பொறுத்து மிகக் கூர்மையாக மாறும். 60 டிகிரியில் தண்ணீர்த் தொட்டியில் பைகட்டி வேகவைக்கும் உணவகங்கள் தோள்துண்டுக்கு இரண்டு, மூன்று நாட்கள் கொடுக்கின்றன. 90ஐ ஒட்டிய வெப்பத்தில் அது சில மணி நேர வேலை. பிரஷர் குக்கரின் 120 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படியானால் எல்லோரும் குக்கரிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், கறி மெத்தென்று ஆகும். ஆனால் வெப்பம் கூடக்கூட ஜவ்வு வேகமாகக் கரைவதோடு நார்களும் இன்னும் கடுமையாகப் பிழியப்படுகின்றன. வெளிப்புறம் வறண்டு சிதறும். குக்கரில் செய்பவர்கள் வெயிட்டைத் தூக்கி ஆவியை உடனே வெளியேற்றாமல், அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருப்பது நல்லது. திடீரென்று அழுத்தம் குறைந்தால் கறிக்குள்ளிருக்கும் நீர் அங்கேயே கொதித்து வெளியேறிவிடும்.

குக்கரின் மூதாதை உருவானதும் ஜெலட்டினுக்காகத்தான். 1679இல் டெனிஸ் பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் இறுக மூடிய ஆவிப் பாத்திரத்தைக் காட்டினார். அதில் எலும்புகளைப் போட்டு மென்மையாக்கி, சாற்றைக் கூழாக உறைய வைத்தார். 1682இல் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்டதைப் பற்றி ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

வெப்பத்தையும் நேரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள முடியாது என்பதற்கு இன்னொரு காரணம் துண்டின் தடிமன். கறி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். அவனின் சூட்டைக் கூட்டுவதால் இது பெரிதாக மாறாது. பாத்திரத்துக்குள் நீர் இருக்கும்வரை கறியைத் தொடும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. 200 டிகிரி அவனில் வைத்தால் அந்த நீர் புரண்டு கொதிக்கும், கறியின் ஓரங்கள் பிய்ந்துபோகும், அவ்வளவுதான். மாறாக, மூடியைச் சற்றே விலக்கி வைத்துப் பாருங்கள். வெளியேறும் ஆவி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், சாறு கொதிநிலைக்குச் சில டிகிரி கீழேயே நிற்கும். எப்போதாவது ஒரு குமிழி எழும். இந்தச் சமையலில் நான் மிகவும் நம்புவது அந்த விலகிய மூடியைத்தான்.

வெப்பமானி செருகிப் பார்ப்பவர்கள் 93, 95 டிகிரி வந்ததும் எடுக்கலாம் என்பார்கள். அந்த எண் உதவும், ஆனால் அது பாதிக் கதை. வெப்பமானி இந்தக் கணத்தின் வெப்பத்தை மட்டும் சொல்லும், அங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்பதைச் சொல்லாது. கொலாஜன் கரைவது அந்த நேரத்தில்தான். ஆகவே கடைசிச் சொல் முள்கரண்டியுடையது. துண்டில் குத்தித் திருப்பினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். எவ்வளவு நேரம் வைத்தாலும் கரையாத ஒன்றும் உண்டு. கழுத்தை ஒட்டி ஓடும் மஞ்சள் நிறத் தடித்த நார் எலாஸ்டின் என்ற வேறு புரதம். அதைச் சமைக்கும் முன்பே வெட்டி எறிந்துவிட வேண்டும்.

பலர் நம்ப மறுக்கும் ஓர் உண்மையும் இங்கே உண்டு. நீரிலேயே வெந்தாலும் பாட் ரோஸ்ட் நீரை இழக்கிறது. பச்சைக் கறியையும் வெந்த கறியையும் எடை போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நார்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் அவை வறண்டவைதான். வாயில் ஈரமாகத் தோன்றுவது நார்களுக்கிடையே தங்கிய ஜெலட்டினும் உருகிய கொழுப்பும். இரண்டும் குறைவான தொடைத்துண்டு, அதே நேரம் அதே சூட்டில் வெந்தாலும், தொண்டையில் அடைப்பது அதனால்தான்.

வேகவைக்கும் முன் துண்டை எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுப்பது ஏன்? சாறு வெளியேறாமல் அடைபடும் என்ற நம்பிக்கையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரப்பியவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். அவருடைய பெயரின் கனத்தால் அது சமையல் புத்தகங்களில் நூறாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. வறுத்த மேற்பரப்பு எதையும் அடைப்பதில்லை. வாணலியில் கறி ஓயாமல் சீறுவதே சாறு வெளியேறிக்கொண்டிருப்பதற்குச் சாட்சி. வறுப்பதன் பயன் சுவை. 1912இல் லூயி கமீல் மையார் விவரித்த வேதிவினையில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைப் பிறப்பிக்கின்றன. அது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரியாவது வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை 100ஐத் தாண்ட முடியாது. ஆகவே துண்டை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வாணலியில் போட வேண்டும். கறி முழுவதும் மூழ்குமளவு நீர் ஊற்றாமல் பாதியோடு நிறுத்துவதும் இதற்காகத்தான். சாற்றுக்கு மேலே நிற்கும் பகுதி மூன்று மணி நேரத்தில் மெதுவாகத் தானும் சிவக்கும்.

காய்களின் கதை முற்றிலும் வேறு. கேரட்டின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது பெக்டின். கொலாஜன் புரதம், பெக்டின் சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி. 60 டிகிரியிலேயே அவிழத் தொடங்கும் கொலாஜனுக்கு மாறாக, பெக்டின் 80, 85 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய அசையாது. ஆனால் கொதிநிலையை நெருங்கினால் இருபது, முப்பது நிமிடங்களில் விட்டுக்கொடுத்துவிடும். ஒரே பாத்திரத்தில் ஒன்று மூன்றரை மணி நேரம் கேட்கிறது, மற்றொன்று அரைமணி நேரம். பாட் ரோஸ்டின் உண்மையான சிக்கல் இதுதான். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டு மூடினால், கறி பதமாகும் நேரத்தில் கேரட் கூழாகியிருக்கும்.

இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் தீர்வு காயை இரண்டு முறை போடுவது. முதல் தொகுதி வெங்காயமும் செலரியும் ஒரு கேரட்டும். அவை சாற்றுக்காகத் தங்களைக் கொடுத்துவிடும். கடைசியில் அவற்றை மசித்துக் குழம்போடு கலக்கலாம், அல்லது வடிகட்டி எறியலாம். வெங்காயத்தை நறுக்கியதும் பிறக்கும் கந்தகப் பொருள்கள் நீண்ட நேரம் வேகும்போது கறியின் மணத்தையே ஒத்த ஒரு சேர்மமாக மாறுகின்றன. கறிக்குழம்பு எதற்கும் வெங்காயம் இன்றியமையாதது என்று சமைப்பவர்கள் கண்டிருப்பதற்கு அடிப்படை இது. இரண்டாவது தொகுதி தின்பதற்கு. பெரிய துண்டுகளாக நறுக்கிய கேரட்டையும் உருளைக்கிழங்கையும் கடைசி ஒரு மணி நேரத்தில் போட வேண்டும். ஏன் அரைமணி அல்ல, ஒரு மணி என்றால், சாறு முழுக்கொதியில் இல்லை, ஒயினின் புளிப்பும் அதில் இருக்கிறது.

புளிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெக்டின் மிதமான அமிலத்தில்தான் மிக உறுதியாக நிற்கும். காய் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். புளிக்கரைசல் முதலில் விழுந்துவிட்டால் சாம்பாரில் காய் நேரத்துக்கு வேகாது. ஒயினும் தக்காளி விழுதும் பாட் ரோஸ்டில் அதே வேலையைச் செய்கின்றன. அதே அமிலம் கொலாஜன் கரைய ஓரளவு உதவவும் செய்கிறது. கறியைத் துரிதப்படுத்தி, காயைத் தாமதப்படுத்தி, இரண்டையும் கொஞ்சம் அருகே கொண்டுவருகிறது. ஒயின் ஊற்றும் பழக்கம் பிரான்ஸில் சுவைக்காக வந்திருக்கலாம். வேதியியலும் அதற்குத் துணை நிற்கிறது.

காயில் இன்னொரு விந்தையும் உண்டு. கேரட்டையோ உருளைக்கிழங்கையோ 55லிருந்து 65 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினின் அமைப்பை மாற்றுகிறது. மாறிய பெக்டினைக் கால்சியம் பிணைத்து இறுக்குகிறது. பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்தக் காய் முழுமையாகக் குழையாது. டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் காய் உருக்குலையாமல் இருக்க இதை வேண்டுமென்றே செய்கின்றன. மின்சார ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கிறது. அது குளிர்ந்த நிலையிலிருந்து மிக மெதுவாகச் சூடேறி அந்த இடைவெளியைக் கடக்க நெடுநேரம் எடுக்கும். கறி உதிர்ந்துவிட்டது, கேரட் மட்டும் விறைப்பாக நிற்கிறது என்ற முறையீடு அங்கிருந்து வருவதுதான். ஸ்லோ குக்கரில் காயை அடியிலும் ஓரத்திலும், சூட்டுக்கு அருகே, சிறிதாக நறுக்கிப் போட வேண்டும். கறியை மேலே வைக்க வேண்டும்.

அந்தக் கருவிக்குப் பின்னால் அழகான ஒரு வரலாறு இருக்கிறது. யூதர்களின் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது. ஆகவே லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன், மாட்டுக்கறியும் பீன்ஸும் வாற்கோதுமையும் சேர்த்த சோலெண்ட் பானையை ரொட்டிக்கடையின் அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். அணைத்த அடுப்பு இரவு முழுக்க மெல்ல மெல்ல ஆறும், அந்தச் சூட்டிலேயே கறி வெந்துவிடும். இதைத் தன் தாயிடம் கேட்டு வளர்ந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்ஸன், பானையைச் சுற்றி மின்சூடேற்றி வைத்த கருவிக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில் அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

வெந்து முடிந்த கறியை உடனே சாற்றிலிருந்து எடுத்துப் பலகையில் வைக்காதீர்கள். சூடான நார்கள் காற்றில் பட்டதும் மீதி ஈரத்தையும் ஆவியாக இழக்கும். சாற்றிலேயே அரைமணி நேரம் இருந்து சற்று ஆறினால் நார்கள் தளர்ந்து, கொஞ்சம் சாற்றைத் திரும்பவும் இழுத்துக்கொள்ளும். ஜெலட்டினும் கெட்டிப்படத் தொடங்கும். அந்நேரத்தில் சாற்றின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டுக் கொதிக்கவைத்துச் சுண்டவிடலாம். மாவு சேர்க்கத் தேவையில்லை; கரைந்திருக்கும் ஜெலட்டின் அளவு சரியாக இருந்தால் குழம்பு கரண்டியின் முதுகில் தானாகவே பூசி நிற்கும்.

என் கணிப்பில் பாட் ரோஸ்ட் மறுநாள்தான் முழுமை பெறுகிறது. ஆனால் அதை இரவு முழுக்க அடுப்பிலேயே விட்டுவைக்கக் கூடாது. கொதியில் சாகாத பாக்டீரியா வித்துகள் வெதுவெதுப்பான கறிச்சாற்றில் மிக வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், கையால் எடுத்துவிடலாம். அதற்குக் கீழே சாறு கூழாக நிற்கும். குளிரும்போது ஜெலட்டின் சங்கிலிகள் ஆங்காங்கே சிறு நீளத்துக்கு மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்கின்றன. சென்னையில் கண்டறிந்த அதே சுருள், துண்டு துண்டாகத் திரும்பி வந்து, தனக்குள் நீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. இப்போது அதில் பழைய குறுக்கிணைப்புகள் இல்லை. அதனால் 30 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், வாயின் வெப்பத்திலேயே, இளகிவிடும்.

குளிர்ந்த கறியை நாருக்குக் குறுக்காக ஒரு விரல் தடிமனுக்கு வெட்டுங்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் சிதறும் துண்டு இப்போது ஒழுங்காக வெட்டுப்படும். துண்டுகளை அகலமான சட்டியில் பரப்பி, கூழையும் காய்களையும் மேலே போட்டு மூடி, சிறு தீயில் கால்மணி நேரம் வைத்தால் போதும். கொதிக்க விட வேண்டாம், சூடானதும் இறக்கிவிடலாம்.